நாலாம் அறையில் விதை இருந்தது

நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. வெயில் பட்டால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும், மை கலங்கிவிடும். பிளாஸ்டிக் தாளில் சுற்றி அப்படியே கடுங்குளிரில் வைத்துவிட வேண்டும். பூஞ்சை பிடிக்காது, பூச்சி வராது. பிறகு ஆற அமர எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். பெட்டிகள் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று நீங்கள் முதலில் கேட்டதால் இதைச் சொல்கிறேன். அவற்றை நான் நாலாம் அறையில் வைத்ததற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு வேறு எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. இதை மட்டும் தயவுசெய்து நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பொய் சொல்லாதவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கு அது வராது, அவ்வளவுதான். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. கிடங்கில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். சரக்கு அழுகிப்போனால் அழுகிப்போயிற்று என்று வியாபாரியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதே சமயம், கேட்காததைச் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. எங்கள் தொழில் அப்படி. ஒரு வியாபாரி என்ன வைத்திருக்கிறார், எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. நாங்கள் வாங்கும் வாடகையில் பாதி குளிருக்கு, மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு.

நான் பார்த்துக்கொள்ளும் குளிர்பதனக் கிடங்கில் நாலு அறைகள். முதல் இரண்டில் உருளைக்கிழங்கு, மூன்றாவதில் பழம். நாலாவது விதைக்கென்றே கட்டியது. மற்றவற்றைவிட அங்கே குளிர் அதிகம், ஈரம் அறவே கிடையாது. மூட்டைகள் ஒருமுறை உள்ளே போனால் விதைப்புப் பருவம் வரும்வரை அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. கம்பளிக் கோட்டுப் போடாமல் உள்ளே நின்றால் கொஞ்ச நேரத்தில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

மாப்பிள்ளை அந்தப் பக்கமே வர மாட்டார். மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர்ந்த காற்றுப் பட்டால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். குளிர்பதனக் கிடங்குக்கு வேலைக்கு வந்த, குளிர் ஆகாத மனிதர். சுமைதூக்குபவர்கள் அவருக்கு ஸ்வெட்டர் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல கோடையிலும் அதைக் கழற்ற மாட்டார். "உன் வீட்டுக்காரர் உருளைக்கிழங்காப் பொறந்திருந்தா இந்நேரம் முளைவிட்டிருப்பாரு" என்று தங்கையைக் கிண்டல் செய்வேன். அவரே அதைக் கேட்டுச் சிரிப்பார். நல்ல மனிதர். அவரை எனக்குப் பிடிக்கும்.

அதனால்தான் அவரை ஆபீஸில் உட்காரவைத்து, பழைய வருடத்துப் பதிவேடுகள் இருக்கும் அறையை அவர் பொறுப்பில் விட்டேன். 'பதிவேடுகள் பொறுப்பாளர்' என்று மேஜைமேல் ஒரு பலகை. அவரே ஆசைப்பட்டு எழுதி வாங்கியது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அறையின் இரும்புப் பீரோக்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பூட்டியிருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. திறந்து பார்த்து நான் கண்டதில்லை. பூட்டு சரியாக இருந்தால் உள்ளே இருப்பதும் சரியாக இருக்கும் என்று நம்பினார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுகியது. அன்று விடுமுறை. வாண்டுக்குக் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். வாண்டு என்பது தங்கையின் மகள். வாய் காதுவரை நீளும், பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வைக்க வேண்டும். கிடங்கில் நான் மட்டும்தான். பீரோக்களின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவற்றை வாங்கியபோது கொடுத்த மாற்றுச் சாவிகள் என் மேஜை இழுப்பறையில், எழுதாத பேனாக்களுக்கு நடுவில் கிடந்தன. திறந்து, பதிவேட்டுப் பெட்டிகளை எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து நாலாம் அறையின் கடைசிச் சுவரோரம் அடுக்கினேன். காலிப் பீரோக்களைப் பூட்டிவிட்டு வந்தேன். பூட்டியது ஏன் என்று கேட்பீர்கள். திறந்ததைப் பூட்டுவது என் வழக்கம். மறுநாள் மாப்பிள்ளை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"மச்சான், ஒரு நல்ல சேதி. வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. நல்ல வெயில் ஊரு. நெஞ்சுக்கு அதான் நல்லதுன்னு டாக்டரும் சொல்றாரு. இந்தப் பருவம் முடிஞ்சதும் மூணு பேரும் கிளம்பிடலாம்னு இருக்கோம்."

"நல்லது மாப்பிள்ளை" என்றேன். நல்லதுதானே. பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அங்கே பார்த்து வைத்திருக்கும் வீட்டைப் பற்றி, வாண்டு சேரப்போகும் பள்ளிக்கூடத்தைப் பற்றி, தங்கை வைக்கப்போகும் பூந்தொட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். எல்லாம் முடிவாகியிருந்தது. தங்கைக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்வதுதான் பாக்கி இருந்திருக்கிறது. அந்தப் பேச்சில் பெட்டி விஷயம் விட்டுப்போயிற்று. சாயங்காலத்துக்குள் விதை மூட்டைகள் வந்து நாலாம் அறை நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் சுற்றிய எதுவும் சுமைதூக்குபவர்களுக்குச் சரக்குதான். பெட்டிகளுக்கு முன்னால் மூட்டைகளை உத்தரம்வரை அடுக்கிவிட்டுப் போனார்கள்.

தங்கையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா போன பிறகு அவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது முதல் கல்யாணம் செய்துகொடுத்தது வரை நான்தான். அவளுக்கு முடித்துவிட்டு எனக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், பிறகு அது அப்படியே தள்ளிப்போயே போய்விட்டது. அதற்காக வருத்தமில்லை. அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். தினமும் ஆபீஸிலிருந்து போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். ஒரு வாய் டீ, வாண்டுவோடு கொஞ்சம் வம்பு. ஒரு மனிதனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும். நான் பேராசைக்காரன் அல்ல.

பிறகுதான் வரித்துறையின் தாக்கீது வந்தது. வரிப் பிரச்சினை எங்களுடையது அல்ல. எங்களிடம் விதை வைக்கும் ஒரு வியாபாரி, அவரை விதைக்காரர் என்போம், அவர் எவ்வளவு வைத்தார், எப்போது எடுத்தார் என்று பார்க்கப் பழைய வருடத்துப் பதிவேடுகளைக் கேட்டிருந்தார்கள். கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளைதான் முறைத்துக்கொண்டு நின்றார்.

"நம்மள நம்பிச் சரக்கு வெக்கிறவன் விஷயத்த நாமளே தூக்கிக் குடுத்தா, நாளைக்கு எவன் மச்சான் நம்ம வாசப்படி மிதிப்பான்? கோர்ட்டு சொல்லட்டும், குடுப்போம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உங்கள் இஷ்டம் என்றேன். வரித்துறை நீதிமன்றத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை பதிலுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். கேட்கப்படும் பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பில், என் பூட்டில் பத்திரமாக இருக்கின்றன, சாவி என்னிடம் மட்டுமே உள்ளது, நீதிமன்றம் ஆணையிட்டால் ஒழிய யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வக்கீல் கேட்டார்.

"எதுக்கும் ஒருதடவை தொறந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்."

"தெனமும் பாக்கறேன் சார்" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் சூடாகவே. கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதைத்தான் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த வருடம் அவருக்கு முடி நிறையக் கொட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவேடுகளை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்ற நீதிமன்றத்து அமீனா வந்தார், கூடவே வரித்துறை அதிகாரிகள் இருவர். மாப்பிள்ளை அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோற்றாலும் மானத்தோடு தோற்கிறேன் என்கிற மாதிரி ஒரு மிடுக்கு. "வாங்க, வாங்க. சட்டப்படி கேட்டா எங்களுக்கு என்ன ஆட்சேபணை" என்று அவர்களை அழைத்துப்போய், சாவிக்கொத்தைக் குலுக்கி, முதல் பீரோவைத் திறந்தார்.

காலியான இரும்புப் பலகைகளை அவர் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கும்போது சாவி துவாரத்தில் சரியாக நுழையவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. மூழ்குகிறவன் கரையில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை. அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைதான். அவர் என்ன செய்கிறார் என்று முதலில் பார்ப்போம் என்று தோன்றியது. தப்பாக ஒன்றும் இல்லை, வெறும் ஆவல்.

அமீனா கிடங்கு முழுக்கத் தேடினார். கடமையில் கண்ணாக இருந்தார், குறை சொல்ல முடியாது. நாலாம் அறைக்கும் வந்தார். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னங்க இருக்கு?"

"விதைங்க" என்றேன்.

விதைதான் இருந்தது. ஒரு வார்த்தை பொய்யில்லை. வேறு என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பாவம், பல் கிடுகிடுவென்று ஆடியது. ஆபீஸுக்கு அழைத்துப்போய்ச் சூடாக டீ கொடுத்தேன்.

நீதிமன்றத்தில் மாப்பிள்ளையின் பேச்சை யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? கொடுக்க மாட்டேன் என்று வம்பு செய்தவர் அவர். என் பூட்டு, என் சாவி என்று சத்தியம் செய்தவர் அவர். வழக்கைச் சாக்கிட்டு நாளைக் கடத்திவிட்டுப் பதிவேடுகளை மறைத்துவிட்டார் என்றுதான் எந்த நீதிபதியும் நினைப்பார். நீதிபதி நிதானமானவர். கோபப்படாமல் சொன்னார்: பதிவேடுகளைக் கொண்டுவந்து வையுங்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அதுவரை சிறையில் இருங்கள்.

"எங்கிட்ட இல்லைங்கய்யா" என்றார் மாப்பிள்ளை. "சத்தியமா இல்லைங்கய்யா."

ஏற்கெனவே ஒரு சத்தியம் செய்திருந்தார் அல்லவா. அது அங்கே ஒரு பிரச்சினையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் தங்கையின் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் அது உண்மை. என் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு போகலாம் என்று வந்தால், வாசலில் ஒரு குட்டிச் செருப்பு. தலைகீழாகக் கிடந்தது, வாண்டு எப்போதும் அப்படித்தான் கழற்றிப் போடும். உள்ளே விளக்கு எரிந்தது. தங்கை அடுக்களையில் நின்று, உப்பு எங்கே என்று டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தாள். தனியாக அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது, அவர் வரும்வரை இங்கேயே இருக்கிறோம் என்றாள். சுடச்சுடச் சோறு போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள். நான் சாப்பிட்டேன். பல வருடங்களாக அந்த மேஜையில் ஒரு தட்டுதான். அன்றைக்கு மூன்று.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெயில் ஊர்ப் பேச்சு தானாக நின்றுபோயிற்று. பார்த்து வைத்திருந்த வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். வாண்டு எங்கள் தெருப் பள்ளியிலேயே தொடர்ந்தது. காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். வழியெல்லாம் கேள்வி. குளிர்ல வெச்சா கிழங்கு தூங்குமா மாமா, கனவு வருமா மாமா என்று. தெரிந்ததைச் சொல்வேன். தங்கை ஆபீஸுக்கு வந்து மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் கை பட்டதும் ஆபீஸே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அது எனக்கு நல்ல காலம். வேறு எப்படிச் சொல்வது?

வாரா வாரம் சிறைக்குப் போனேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை, அங்கே உள்ள பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து, செய்தித்தாள், உள்ளே அனுமதிக்கிற தின்பண்டம், எல்லாம் நான்தான் கொண்டுபோவேன். மாப்பிள்ளை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். விதைக்காரர் ஆள் வைத்துத் திருடியிருப்பாரோ, வரித்துறைக்காரர்களே எடுத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களோ, வக்கீலின் குமாஸ்தாவோ என்று வாரத்துக்கு ஒருவர்மேல் சந்தேகம். என்மேல் மட்டும் வரவே இல்லை. ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், நீங்களாச்சும் என்னை நம்புறீங்களா?"

"நம்புறேன் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. உண்மையைத்தான் சொன்னேன். உலகத்தில் அவரை முழுசாக நம்பிய ஒரே ஆள் நான். வக்கீல் நம்பவில்லை, நீதிபதி நம்பவில்லை, தங்கைக்கே உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அவர் குற்றமற்றவர் என்பதில் அணுவளவும் சந்தேகம் இருந்ததில்லை. வேறு யாராலும் கொடுக்க முடியாத ஆறுதலை நான் அவருக்குக் கொடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விதைப்புப் பருவம் வந்தது. நாலாம் அறை மூட்டைகள் வெளியேறின. கடைசி வரிசை போவதற்கு முன்னால் நான் ஒருநாள் தனியாகப் போய், மூட்டைகளை நகர்த்தி, பெட்டிகளை மூன்றாம் அறையில் பழக்கூடைகளுக்குப் பின்னால் மாற்றிவைத்தேன். புது விதை வந்து இறங்கும்போது பழையபடி நாலாம் அறைக்கே கொண்டுவந்தேன். பழ அறையில் ஈரம் இருக்கும். காகிதத்துக்கு அது ஆகாது. இதைச் செய்ததற்கு வேறு அர்த்தம் கற்பிக்காதீர்கள். பொறுப்பில் ஒரு பொருள் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் தொழில்.

இதற்கிடையில் விதைக்காரர் வரித்துறையோடு பேசிச் சமாதானமாகிவிட்டார். யாருக்காக மாப்பிள்ளை உள்ளே போனாரோ அவர் வெளியே காரில் போய்க்கொண்டிருந்தார். பதிவேடுகள் இனி யாருக்கும் தேவையில்லை, ஆகவே என் கட்சிக்காரரை விடுதலை செய்யுங்கள் என்று வக்கீல் மனுப் போட்டார். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. துறைக்குத் தேவையில்லாமல் போயிருக்கலாம், ஆணையிட்டது நான் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். பதிவேடுகளுக்கு என்ன ஆயிற்று என்ற உண்மையை மட்டும் இந்த மன்றத்தில் சொல்லட்டும், அதன்பிறகு யோசிப்போம்.

அந்த வாரம் மாப்பிள்ளையால் சரியாகப் பேச முடியவில்லை. சிறைச் சுவர் மழையில் ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சை இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

"தெரியாதுன்னு சொன்னா... விட மாட்டேங்கிறாங்க மச்சான். எரிச்சுட்டேன்னு சொல்லிடவா? அதோட... முடிஞ்சிடும் இல்ல?"

நான் பொய் சொல்லாதவன். இன்னொருவரைப் பொய் சொல்லச் சொல்லவும் என்னால் முடியாது. "அது உங்க விருப்பம் மாப்பிள்ளை" என்றேன். "ஆனா பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்." அவர் தலையாட்டினார். நான் கொண்டுபோன மருந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறு விசாரணையில் எழுந்து நின்று, பயத்தில் எரித்துவிட்டேன் என்று சொன்னார். எங்கே என்று கேட்டார்கள். கிடங்குக்குப் பின்னால் என்றார். யாரும் பார்க்கவில்லையா? இல்லை. இத்தனை நாள் இல்லை இல்லை என்று சாதித்தது ஏன்? நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை அழித்ததற்கும், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்கும் தனியாகத் தண்டனை விதித்தார்கள். வக்கீல் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் இருந்த தங்கை அழவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கப் போகவில்லை. "இத்தன நாளும் என் கையைப் புடிச்சிக்கிட்டு, கொழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரேண்ணா" என்று மட்டும் ஒருதரம் சொன்னாள். வாண்டுவையும் அனுப்பவில்லை. நான் வழக்கம்போலப் போனேன். ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

"அவ வரலையா மச்சான்?"

"வீட்ல வேலை மாப்பிள்ளை" என்பேன். வேலை இருந்தது. எந்த வீட்டில் இல்லை?

அடுத்த மழையில் அவர் போய்விட்டார். மூச்சு முட்டியிருக்கிறது, ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். அவருடைய ஸ்வெட்டரை என்னிடம்தான் கொடுத்தார்கள். முழங்கையில் நைந்திருந்தது. தங்கையிடம் கொடுத்தால் மனம் கஷ்டப்படும் என்று நானே துவைத்து, மடித்து, என் அலமாரியில் வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்டு போவதானால் ரசீது கொடுங்கள். வாண்டு பெரியவளானதும் கேட்டால் கொடுக்க வேண்டும்.

மீதி உங்களுக்குத் தெரியும். கம்ப்ரசர் பழுதானது. நான் உதிரிப்பாகம் வாங்க வெளியே போயிருந்தேன். தங்கை சமர்த்து, விதை கெட்டுவிடும் என்று மூட்டைகளையெல்லாம் வேறு கிடங்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது முற்றத்தில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பிளாஸ்டிக்கின்மேல் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு பதிவேட்டை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கு, விதைக்காரர் கணக்கு, எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. கொடுத்திருந்தால் யாருக்கும் ஒரு தலைவலியும் வந்திருக்காது.

என்னைப் பார்த்தாள். எழுந்து நேராக என் மேஜைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து, எழுதாத பேனாக்களைத் தள்ளிவிட்டு, சாவிகளை எடுத்தாள். பதிவேட்டு அறைக்குள் போய் ஒரு பீரோவைத் திறந்தாள், மறுபடி பூட்டினாள், கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். 'டக்' என்ற சத்தம் முற்றம்வரை கேட்டது. பிறகு உங்களுக்குப் போன் செய்தாள். அன்றைக்கே வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்ல மாட்டீர்கள்.

நான் மாப்பிள்ளையைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவர் எதற்காக உள்ளே இருக்கிறார் என்று தெரியும். அவருக்குக் குளிர் ஆகாது என்று தெரியும். ஒரு குடும்பம் என் வீட்டில் தங்குவதற்காக ஒரு மனிதரை ஈரச் சுவருக்குள் வைத்திருந்தேன். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் பொய்யன் என்று மட்டும் எழுதாதீர்கள். வக்கீல் என்னைக் கேட்கவில்லை. அமீனா கேட்டதற்குப் பதில் சொன்னேன். நீதிபதி என்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை. மாப்பிள்ளை கேட்டதெல்லாம் நம்புகிறீர்களா என்றுதான். யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, பெட்டிகள் எங்கே என்று கேட்டிருந்தால், அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

தங்கையா? அவள் என்ன சொன்னாள் உங்களிடம்?

ஆமாம். ஒருதரம் கேட்டாள். எரித்துவிட்டேன் என்று மாப்பிள்ளை சொல்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால். அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், அவருக்கு மூச்சு இழுப்பதைச் சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணா, அந்தப் பெட்டியெல்லாம் எங்க போச்சுன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றாள். நான் வாண்டுவின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். "தெரியாதும்மா" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள். அதனால் அதை நான் பொய்யில் சேர்த்ததில்லை.